உலகத்தில் மிச்சமிருக்கும் வெல்தோர்ப்கள்

பிப்ரவரி 14, திருநீற்றுப் புதன்

நெற்றிச் சாம்பலைத் துடைக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். ஈஸ்டர் வரை என் நாத்தனாரை ஒரு சொல் கடிந்து பேசுவதில்லை என்று நேர்ந்துகொண்டிருக்கிறேன். பங்குச் சாமியார்தான் சொன்னார்: "கறி மீனை விடுறதெல்லாம் சின்னப் பிள்ளைங்க செய்யிறது பிலோமினாம்மா. நீங்க வாயைக் கட்டுங்க." வாயைத்தான் கட்டச் சொன்னார், கையைச் சொல்லவில்லை. மகன் தியோவின் ஆபீசில் கொடுத்த டைரி ஒன்று அலமாரியில் சும்மா கிடந்தது. தவக்காலத்துத் திட்டெல்லாம் இதற்குள்ளே போகட்டும்.

நாத்தனார் பெயர் மிஸ் ஐவி வெல்தோர்ப். எண்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. பொன்மலை ரயில்வே காலனிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த டீச்சர். என் வீட்டுக்காரர் ரூபர்ட்டின் அக்கா, ஆங்கிலோ இந்தியக் குடும்பம். ரூபர்ட் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்று, ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். போகும்போது வீட்டையும் அக்காவையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

நான் திண்டுக்கல் பக்கம் மாரம்பட்டி. நர்ஸ் வேலையில் இருந்தபோது கையில் கட்டுப்போட வந்த ரூபர்ட்டைக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து ஐவிக்கு நான் "பட்டி கேர்ள்". "அக்கா" என்று கூப்பிட்டால் அவளுக்குக் காது கேட்காது. "மிஸ்" என்றால் கேட்கும். நாற்பது வருஷமாக மிஸ்தான். வீட்டுக்கு யாராவது வந்தால் என்னைக் காட்டி "ரூபர்ட்ஸ் வைஃப்" என்பாள். "மிஸஸ் வெல்தோர்ப்" என்று ஒருநாளும் அவள் வாயில் வந்ததில்லை. அந்த மிஸஸ் வெல்தோர்ப் அவளுடைய அம்மாவோடு செத்துப்போய்விட்டாளாம்.

இத்தனைக்கும் அந்தப் பெயரை இந்தத் தெருவில் சரியாகச் சொல்ல ஆள் கிடையாது. சிலிண்டர் போடுகிறவர் முப்பது வருஷமாக "வெல்டிங் வீடு" என்கிறார்.

ராத்திரி அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்தேன். மெதுவாகத் தேய், அழுத்தித் தேய் என்று ஒரே அதிகாரம். நான் வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 16

இங்கிலாந்திலிருந்து வினை வந்திருக்கிறது. கீத் வெல்தோர்ப் என்று ஒருவர் தியோவுக்கு இமெயில் அனுப்பியிருக்கிறாராம். தியோ சென்னையில் இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கிறான். முப்பத்தொரு வயது. மத்தியானமே போன் போட்டான்.

"மா, ஸ்பீக்கர்ல போடுங்க, ஆன்ட்டியும் கேக்கட்டும். அந்தாளு நம்ம பேரை வச்சு ஆராய்ச்சி பண்றாராம். உலகத்துலயே வெல்தோர்ப்னு இப்ப பதினொரு பேர்தான் மிச்சமாம். நம்மளைப் பார்க்க திருச்சிக்கே வர்றாராம்."

ஐவி எழுந்து நின்றுவிட்டாள். தேசிய கீதத்துக்குக்கூட முட்டி வலி என்று உட்கார்ந்திருப்பவள்.

நேராக முன்னறைக்குப் போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைத் துடைத்தாள். பச்சைப் புல்வெளியும் எட்டுப் புகைபோக்கியும் வைத்த பங்களா. "வெல்தோர்ப் ஹால்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அது பழைய பிஸ்கட் டப்பாவின் மூடி. சட்டம் உடைந்து ஒருமுறை நான்தான் மாற்றி மாட்டினேன். பின்னால் தகரம், ஓரத்தில் துரு, எத்தனை அவுன்ஸ் என்றுகூட அச்சடித்திருந்தது. ரூபர்ட் அன்றைக்கு என் வாயைப் பொத்தினார். இன்றைக்குச் சாமியார் பொத்தியிருக்கிறார்.

பிப்ரவரி 18

இந்தியாவில் எத்தனை வெல்தோர்ப் இருக்கிறீர்கள் என்று கீத் கேட்டிருந்தாராம். தியோ ஐவியிடம் கேட்டான். அவள் என்னை வைத்துக்கொண்டே, நான் அவளுக்கு ஓட்ஸ் கஞ்சி வடிகட்டிக்கொண்டிருக்கும்போதே, "டூ" என்றாள்.

ரேஷன் கார்டிலும் வாக்காளர் அட்டையிலும் நான் பிலோமினா வெல்தோர்ப். கஞ்சி வடிகட்டவும் நான்தான். எண்ணும்போது மட்டும் இல்லை. போகட்டும், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன கண்டேன்.

பிப்ரவரி 21

இன்றைக்கும் வெல்தோர்ப் பேச்சுத்தான். கீரை ஆய்ந்தேன்.

பிப்ரவரி 24

எழுதினால் பயம் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

அந்த மனிதர் வரும்போது இரண்டு குழாய் கொண்டுவருகிறாராம். ஒன்றில் தியோ எச்சில் துப்ப வேண்டும், ஒன்றில் ஐவி. அதை லண்டனில் சோதித்து வம்சம் சொல்வார்களாம். "அப்பாகிட்டேர்ந்து பையனுக்கு மாறாம வர்றது ஒண்ணு இருக்கும்மா. கீத்துக்கும் எனக்கும் அது ஒத்துப்போனா நாங்க ஒரே கொடி. ஆன்ட்டிக்கும் எனக்கும் எவ்வளவு சொந்தம்னுகூடச் சொல்லிடும்" என்கிறான். லாட்டரி விழுந்தவன் மாதிரி சிரிக்கிறான்.

தியோ நான் பெற்ற பிள்ளை இல்லை. எங்கள் வார்டில் ஒரு பெண் பெற்றுப் போட்டுவிட்டு, விடிவதற்குள் எழுந்து போய்விட்டாள். யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. எனக்குக் குழந்தை தங்கவில்லை. முறைப்படி கோர்ட்டில் எழுதி வாங்கினோம். தெருவுக்கு மட்டும் நான் பிரசவத்துக்கு மாரம்பட்டி போய்வந்ததாகச் சொல்லிவைத்தோம். தெரிந்தவர்கள் ரூபர்ட், நான், ஐவி. தியோவுக்குத் தெரியாது. பத்து வயதில் சொல்லலாம் என்றோம், பதினெட்டில் சொல்லலாம் என்றோம், ரூபர்ட் செத்த பிறகு சொல்லத் தைரியம் இல்லாமல் போய்விட்டது. எனக்கு இருப்பது இந்த ஒரு பிள்ளை. எவனோ தபாலில் சொல்லி அவன் தெரிந்துகொண்டால் அப்புறம் என்னை எதற்கு அம்மா என்று கூப்பிடப்போகிறான்.

ஐவியைப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவள் வாயிலிருந்தே வந்துவிடும் என்றுதான் பயம். அவளுக்கு வெல்தோர்ப் ரத்தம் பெரிது. ஞானஸ்நானத்தன்று பழைய பங்குச் சாமியார் பேனாவைப் பிடித்துக்கொண்டு, குடும்பப் பெயர் என்ன போடுவது என்று தயங்கியபோது, "வெல்தோர்ப், ஃபாதர். எழுதுங்க" என்று அதட்டினவள் இவள்தான். அப்போதே எனக்குப் புரிந்தது, குழந்தைமேல் பாசம் இல்லை, பெயர் அற்றுப்போகக் கூடாது என்கிற ஜம்பம். அன்று தொடங்கி, பார்க்கிறவர்களிடமெல்லாம் "வெல்தோர்ப் தாடை" என்று அவன் முகவாயைப் பிடித்துக் காட்டுவாள். கறுத்த பிள்ளை, எங்கள் மாரம்பட்டிப் பிள்ளைகள் மாதிரி உருண்டை முகம். அதில் என்ன தாடை.

பிப்ரவரி 27

இன்றைக்கு ஒரு சந்தோஷம். கீத் பெயருக்கு அர்த்தம் எழுதி அனுப்பியிருக்கிறார். தியோ போனில் தமிழில் படித்துச் சொன்னான்.

'வெல்' என்றால் ஊற்று, கிணறு. 'தோர்ப்' என்றால், பெரிய ஊரிலிருந்து பிரிந்துபோய் நாலு குடிசை போட்டுக்கொண்ட சின்னக் குடியிருப்பு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல்தாண்டி வந்த டேனிஷ்காரர்கள் வைத்த பெயராம்.

"அப்போ கிணத்துப்பட்டி" என்றேன்.

தியோ போனில் விழுந்து விழுந்து சிரித்தான். ஐவி காது மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டாள்.

இன்னொன்றும் எழுதியிருந்தார். ஊர்ப் பெயர் ஊரிலேயே இருக்கிறவனுக்கு ஒட்டாதாம். பிழைப்பு இல்லாமல் வெளியேறிப் போனவனைத்தான் போன இடத்தில் இன்ன ஊர்க்காரன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாரம்பட்டியில் என்னை ஒருவரும் பட்டிக்காரி என்று சொன்னதில்லை. ஆக, ஐவியின் முப்பாட்டன் கிணத்துப்பட்டியை விட்டு ஓடிப்போனவன். ஊரே சின்னது, ஓடியவர்களும் கொஞ்சம். அதில் பாதிப் பேர் சண்டையில் செத்து, பெண்பிள்ளைகள் கட்டிக்கொண்ட இடத்துப் பெயருக்கு மாறி, இப்போது பதினொன்றில் வந்து நிற்கிறது. 1870களில் கப்பலேறிக் காணாமல் போன ஒரு வெல்தோர்ப்தான் திருச்சிக்கு வந்து ஐவியின் தாத்தா ஆல்பர்ட்டைப் பெற்றிருக்க வேண்டும் என்பது கீத்தின் கணக்கு. குழாய் அதை நிரூபிக்குமாம்.

சிரிப்பெல்லாம் அந்தக் குழாய் ஞாபகம் வரும்வரைதான்.

மார்ச் 1, வெள்ளி

வந்துவிட்டார் நம் இங்கிலாந்துப் பிரபு கீத். அரைக்கால் டவுசர், தோலுரிந்த மூக்கு, செருப்புக்குள் சாக்ஸ். ஊரில் குளியலறைச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தாராம், பீங்கான் தொட்டி, குழாய், டைல்ஸ். ஐவி இதற்காக முத்துமாலை போட்டு, அம்மாவின் லேஸ் மேஜைவிரிப்பை எடுத்து விரித்திருந்தாள். கை கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தவக்கால வெள்ளி என்று மீன்குழம்பு வைத்தேன். கீத் கோழி கிடைக்குமா என்று கேட்டார். ஐவி, அவளே தவக்காலத்தில் முட்டைகூடத் தொடாதவள், "வித் ப்ளெஷர்" என்றாள். நான் போய் வாங்கிவந்து பொரித்தேன்.

சாப்பிட்டுவிட்டுப் பிஸ்கட் மூடிப் பங்களாவைப் பார்த்தார். ஐவி சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, வெல்தோர்ப்பில் ஹால் எதுவும் கிடையாது, ஒன்பது வீடும் ஒரு பன்றிப் பண்ணையும்தான் என்றார். போன்மாதிரி ஒன்றில் படம் காட்டினார். சேறு, வேலி, ஒரு பெயர்ப்பலகை. எனக்கு வயிறு குளிர்ந்தது.

தியோ ராத்திரி வண்டியில் வருகிறான். குழாய்கள் இரண்டும் ஃபிரிட்ஜ்மேல் இருக்கின்றன.

மார்ச் 2, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கீத் விதி சொன்னார். துப்புவதற்கு முன் அரைமணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. நர்ஸாக இருந்தவளுக்கு அது போதும். தியோ எழுந்ததும் காபி கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் இட்லி. கை கழுவி உட்கார்ந்ததும் வாழைப்பழம். பிறகு முறுக்கு, மோர், கொய்யாக்காய், திரும்பக் காபி. "மா, போதும்மா, வயிறு வெடிச்சிரும்" என்கிறான், ஆனால் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கிக் கிடந்தவன், கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டான். கீத் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். நாளை மதியம் அவருக்கு விமானம். அதுவரை அடுப்பை அணைக்காமல் ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

ஐவி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பணியாரக் கல்லை நான் எடுத்து வைத்தபோது, என் கையையே பார்த்தாள்.

சாயங்காலம் தியோ பணியாரத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். "இல்லம்மா, பாவம், அவரு காலையிலேர்ந்து காத்துக்கிட்டு இருக்காரு." உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். அரைமணி ஆனது. கீத் மூடியைத் திருகித் திறந்து அவன் கையில் கொடுத்தார்.

"கீழே வை, தியோ" என்றாள் ஐவி.

"ஏன் ஆன்ட்டி?"

"வேஸ்ட். எங்க தாத்தா ஆல்பர்ட் ஒரு ஃபவுண்ட்லிங். அநாதை இல்லத்து வாசல்ல கிடந்த குழந்தை. யாரு பெத்ததுன்னு கடவுளுக்குத்தான் தெரியும். வெல்தோர்ப்னு பேரு வச்சது அங்க இருந்த வெள்ளைக்கார ஃபாதர். வெல்தோர்ப் ரத்தம் என்கிட்டயும் கிடையாது, உங்க டாடிகிட்டயும் கிடையாது. அப்புறம் நீ துப்பி என்ன ஆகப்போவுது?"

தியோ சிரித்தான். "ஆன்ட்டி, விளையாடாதீங்க. அப்ப இந்தத் தாடை?"

"தாடையாவது, ஒண்ணாவது. எல்லாருக்கும்தான் இருக்கு."

பிறகு அதையே கீத்துக்கு இங்கிலீஷில், பாடம் நடத்துகிற குரலில், ஒரு சொல் விழுங்காமல் சொன்னாள். கீத் நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். தாத்தா மடியில் உட்கார வைத்துச் சொன்னது என்றாள். பிறகு கையை நீட்டி இரண்டு குழாயையும் வாங்கி, என்னிடம் கொடுத்து, "பிலோ, குப்பையில போடு. பார்க்கிறவங்களுக்கெல்லாம் எச்சில் துப்பிக் குடுக்கிற வழக்கம் இந்த வீட்ல இல்ல" என்றாள்.

போட்டேன். அதன்மேல் முட்டை ஓட்டையும் காபித்தூளையும் கொட்டினேன்.

பொய்தான். வேறென்ன. எண்பது வருஷமாகப் பன்றிப் பண்ணையைப் பங்களாவாக்கியவளுக்கு இன்னொரு பொய் சொல்லவா வராது. ஆனால் இதுவரை அவள் சொன்ன பொய்யெல்லாம் அவளை உசத்தி வைக்கச் சொன்னது. இன்றைக்கு ஏன் இப்படிச் சொன்னாள் என்று யோசித்துக்கொண்டு படுத்தால் தூக்கம் வரவில்லை. நானே கேட்கலாம். கேட்கமாட்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

பூசை முடிந்து பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ரத்தம் இல்லாவிட்டால் என்ன, பெயர் போட்ட கல்லைப் படம் எடுத்துக்கொள்கிறேன் என்றார் கீத். ஐவியை நானும் தியோவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம்.

ஆல்பர்ட் வெல்தோர்ப் கல் மதிலோரம், வேப்பமரத்துக்குக் கீழே. கீத் படம் எடுத்தார். பக்கத்துக் கல்லைப் பார்த்தார். அதற்குப் பக்கத்துக் கல்லையும் பார்த்தார். ஸ்கெல்பி. டன்தோர்ப். ஆஸ்கம்பி. லோர்பி. அந்தக் குடும்பங்களெல்லாம் எப்போதோ ஆஸ்திரேலியா போய்விட்டன, புதர்தான் மண்டிக் கிடக்கிறது. கீத் புதரை விலக்கி விலக்கிப் படித்துக்கொண்டே போனவர், ஒரு கல்லறைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெயில் தாக்கிவிட்டது என்று நாடி பிடிக்கப் போனேன்.

"இது என் ஸ்கூல் பஸ்" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் விரலை நீட்டி ஒவ்வொரு கல்லாகக் காட்டினார். ஸ்கெல்பியில் ஏறினால், அடுத்த நிறுத்தம் டன்தோர்ப், பிறகு ஆஸ்கம்பி, பால்பண்ணையைத் தாண்டி வெல்தோர்ப், கடைசியில் லோர்பி. சின்ன வயதில் தினமும் போன வழி. எல்லாம் ஒரே சாலையில் இருக்கும் குக்கிராமங்கள், இங்கிலாந்திலேயே முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டிராதவை. அத்தனை ஊரும் வரிசையாகத் திருச்சியில் வந்து படுத்திருந்தால் அது தற்செயலாக இருக்க முடியாது என்றார். அவர் கண் கலங்கிவிட்டது, டவுசர் போட்டிருந்தாலும்.

"அந்த ஃபாதர் லோர்பிக்காரர்" என்றாள் ஐவி. "ஊருக்குத் திரும்பிப் போகவே இல்ல. ஒவ்வொரு குழந்தை வரும்போதும் வீட்டுக்குப் போற வழியில ஒரு ஊர் பேரை எடுத்து வச்சாராம். தாத்தா சொல்லுவார், நாங்கல்லாம் அண்ணன் தம்பி இல்ல, ஒரே ரோட்டுக்காரங்கன்னு."

ஆக அது பொய் இல்லை. இந்தக் கிழவிக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் பிஸ்கட் மூடியை மாட்டினாள், என்னைப் பட்டி கேர்ள் என்றாள், நாற்பது வருஷம் என்னை அந்தப் பெயருக்குள் சேர்க்காமல் வாசலில் நிறுத்தினாள். கீத்தும் தியோவும் புதர்களுக்குள் அடுத்த பஸ் நிறுத்தத்தைத் தேடிப் போனதும் கேட்டேன். வாயைக் கட்டியிருக்கிறேன், ஆகையால் திட்டவில்லை, கேட்கத்தான் செய்தேன்.

"எல்லாம் தெரிஞ்சேதானா மிஸ் இத்தனை அலட்டல்?"

"தெரிஞ்சவதான் அலட்டணும் பிலோ. நிஜமான துரை பொண்ணுக்கு எதுக்கு அலட்டல்? காலனியில அப்பன் பேரு தெரியாதவன்னு சொன்னா எங்கள மனுஷனாவே மதிக்கமாட்டாங்க. எங்கப்பா பல்லைக் கடிச்சுக்கிட்டு வெல்தோர்ப்னு சொல்லச் சொல்லிக் குடுத்தார். நானும் சொன்னேன்."

"தியோவுக்கு அந்தப் பேரைப் போடச் சொன்னது?"

"குடுத்தாத்தான் வரும் இந்தப் பேரு. தாத்தாவுக்கு ஒருத்தர் குடுத்தார். அவனுக்கு நான் குடுத்தேன். இதுல என்ன கேள்வி? பிடி, கால் வலிக்குது."

எனக்கு அவமானமாக இருந்தது. எண்பது வருஷத்து வீறாப்பை, கோழி தின்ன வந்தவன் முன்னால், என் பிள்ளைக்காகக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டாள். நான் பணியாரம் சுட்டேன். அவன் அம்மா நான். அவள் அவ்வளவு செய்த பிறகும் நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் எனக்கு அந்தப் பெயர் எதற்கு.

கீத்தை விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, ஐவியை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு, தியோவை மட்டும் அதே தோட்டத்தில் இருக்கும் ரூபர்ட் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சொன்னேன். வார்டு, அந்தப் பெண், கோர்ட், மாரம்பட்டிப் பொய், எல்லாம். சொல்லும்போது அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதேன்.

அவன் கல்மேல் கிடந்த சருகைப் பொறுக்கினான். ஒன்றுகூட மிச்சமில்லாமல் பொறுக்கினான்.

"ஆன்ட்டிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நேத்து அதுக்காகத்தான் சொன்னாங்களா?"

"ஆமா."

ஐந்து மணி வண்டிக்குப் போய்விட்டான். மீன் வறுத்து வைத்திருந்தேன், சாப்பிடவில்லை.

மார்ச் 5

போன் இல்லை.

மார்ச் 9

போன் இல்லை. ஐவி போன் வைத்திருக்கும் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். காற்று வருகிறதாம். அந்த மூலையில் என்ன காற்று.

மார்ச் 13

நான் போன் செய்தேன். "வேலை இருக்கும்மா, அப்புறம் பேசறேன்." அம்மா என்ற சொல் இருந்தது. எத்தனை நாளைக்கு இருக்குமோ.

ஐவிக்கு நகம் வெட்டினேன். "அவன் வருவான்" என்றாள், நான் கேட்காமலே. டீச்சருக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறது.

மார்ச் 17

எதிர்வீட்டு அம்மாள் கேட்டாள், வெள்ளைக்காரர் வந்தாரே, உங்கள் வம்சம் என்ன ஆச்சு என்று. ஐவி நிமிர்ந்து, "இங்கிலாந்தில் ஒரு ரோடு முழுக்க எங்கள் ஆட்கள்தான்" என்றாள். கொஞ்சமாவது கூச்சம் வேண்டுமே. அது பொய்யும் இல்லை, அதுதான் எரிச்சல்.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

குருத்தோலையில் சிலுவை மடித்து மூன்று செய்தேன். தியோ வழக்கமாக பர்ஸில் வைத்துக்கொள்வான். அவனுடையதைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன், காயட்டும்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

கோவிலில் ஊற்றிய கஞ்சியை வாங்கிவந்து இரண்டு பேரும் குடித்தோம். ஐவி உப்பு இல்லை என்றாள். இருந்தது.

மார்ச் 30

போன் வந்தது. எனக்கு இல்லை, ஐவிக்கு. கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீஷில் பேசினாள், நீண்ட நேரம். நான் வெளியே நின்று வெங்காயம் உரித்தேன். சமைக்க ஒன்றுமில்லை, சும்மா உரித்தேன். பெற்றவளும் இல்லை, பெயர் வைத்தவளும் இல்லை, வளர்த்தவள்தானே, வெளியே நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கதவைத் திறந்து வந்தவள், "நாளைக்குக் கூட ஒரு தட்டு வை" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 31, ஈஸ்டர்

நேர்ச்சை முடிந்தது. இன்றிலிருந்து யாரையும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

தியோ காலை வண்டியில் வந்தான். இளைத்திருந்தான். வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு, "மா, சோறு போடுங்க" என்றான். ஒன்பது மணிக்கு யார் சோறு தின்பார்கள். போட்டேன். குழம்பு கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டான். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எம்மேல கோவமா?" என்றேன்.

"இருந்துச்சு. கொஞ்சம் இன்னும் இருக்கு. முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா." இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றிப் பிசைந்தான். "அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். ஆல்பர்ட் தாத்தாவுக்கு எப்படிப் பேரு வந்துச்சோ அப்படியேதான் எனக்கும் வந்திருக்கு. அப்பா, ஆன்ட்டியெல்லாம் சும்மா பொறந்தே வாங்கிட்டாங்க. பார்க்கப்போனா இந்த வீட்ல அசல் வெல்தோர்ப் நான்தான்."

ஐவி டோஸ்ட்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, "ஆஃப் கோர்ஸ்" என்றாள். "தாடையைப் பார்த்தாலே தெரியலையா?"

கீத் வரைபடம் அனுப்பியிருக்கிறாராம். தியோ போனில் காட்டினான். ரத்தம் எப்படியோ போகட்டும், பெயரைச் சுமக்கிறவர்களை விட முடியாது என்று இந்தியாவுக்குத் தனிக் கிளை போட்டிருக்கிறார். உலகத்தில் பதினொன்று இல்லை, பதினாலு என்று மேலே எழுதியிருந்தது. நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஐவி வெல்தோர்ப், தியோடர் வெல்தோர்ப். மூன்றாவதாகப் பிலோமினா வெல்தோர்ப்.

"யாருடா உன்னை என் பேரைப் போடச் சொன்னது?"

"நான் இல்லம்மா. நேத்து ஆன்ட்டிகிட்ட இந்தியாவுல எத்தனை பேருன்னு திரும்பக் கேட்டேன். த்ரீன்னாங்க."

திரும்பிப் பார்த்தேன். அவள் டோஸ்ட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷம் கழித்து ஒரு எண்ணைச் சரியாகச் சொல்லியிருக்கிறாள், டீச்சராம். தவக்காலம் முழுக்கச் சேர்த்துவைத்த திட்டு அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது. தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, காலை நீட்டுங்க" என்றேன்.

காது கேட்டுவிட்டது. நீட்டினாள்.